தைக்கால் தெருவின் கிழக்கு முனை

சென்னை
14 பிப்ரவரி 2025

தில்ஷாத்,

நான் கூப்பிடும் நேரமெல்லாம் உனக்குத் தொழுகை நேரமாகவே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உன் மகள்தான் எடுத்து, "அம்மி தொழுறாங்க ஆன்ட்டி" என்கிறாள். அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன். கல்லூரியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாட நேரமெல்லாம் சிரித்துத் தொலைத்தவளுக்குக் கடிதம் எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நிறுவனத்துக்கு நம் ஊர் வேலை வந்திருக்கிறது. இன்னும் பத்து வருடத்துக்குத் திருவண்ணாமலையில் சாலை, தண்ணீர், விளக்கு, ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கொள்கை எழுதித் தரவேண்டும். 'அனைவருக்குமான நகரம்' என்று பெயர். எழுதும் பொறுப்பு என்னுடையது. இப்படி எத்தனையோ அறிக்கைகளைப் பார்த்துவிட்டேன். முஸ்லிம் பெண்களைப் பற்றி ஒரு வரி வரும். அதையும் அவர்களைப் பார்த்தே இராத ஓர் ஆண் எழுதியிருப்பார். இந்தத் தடவை அப்படி விடமாட்டேன்.

உங்களுக்கென்று தனியாக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருக்கிறேன். மார்ச் ஆறாம் தேதி, வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். பொதுக் கூட்டத்தில் ஆண்கள் நடுவே உங்கள் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்று தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு பிரியாணியே சொல்லிவிட்டேன். உன் தெருப் பெண்களை நீதான் அழைத்து வரவேண்டும்.

கனகா

*

திருவண்ணாமலை
22 பிப்ரவரி 2025

கனகா,

மார்ச் ஆறாம் தேதி எங்களுக்கு நோன்பு. மதிய பிரியாணியை யாருக்குச் சொல்லியிருக்கிறாய்? சமண நயினார் வீட்டுப் பெண்ணே, நீ பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டாய். நாங்கள் ரமலானில் பொழுது சாய்ந்தால்தான் சாப்பிடுவோம். இதைச் சொல்லித்தானே கல்லூரியில் மூன்று வருடம் ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்தோம், அதற்குள் மறந்துவிட்டாயா?

வாய் திறக்கமாட்டோம் என்று உனக்கு யார் சொன்னது? எங்கள் தெரு ஜமீலா பீ ரேஷன் கடையில் வாயைத் திறந்தால் எடை போடுகிறவர் கல்லை மாற்றி வைப்பார். எங்களை எல்லாரோடும் உட்கார வைத்திருக்கலாம். சரி, கூப்பிட்டுவிட்டாய், வருகிறோம்.

என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீ எதிர்பார்க்கிற எதுவும் இருக்காது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருவின் இரண்டு முனையையும் அடைத்துவிடுகிறார்கள். மேற்கே கிரிவலக் கூட்டம், அதை அடைப்பது நியாயம். கிழக்கே சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்து, நடுவில் ஒரு கதவு வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் கிரிவலம் போகிறவர்கள் யாரும் வருவதில்லை. போன ஐப்பசியில் ஜமீலா பீயின் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ், இந்தப் பக்கம் அவர். கட்டிலோடு தூக்கிக்கொண்டு மேற்கே சுற்றிப் போனோம். பிழைத்தார், ஆனால் இடது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு வந்தவள் எதிர்வீட்டு வள்ளி. அவள் புருஷன் அப்பாதுரை கிரிவலப் பாதையில் கற்பூரமும் தேங்காயும் விற்கிறவர்.

ஆஸ்பத்திரி அவசரம் என்றால் அந்தக் கதவைத் திறக்கலாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு, சாவியோடு பக்கத்தில் ஓர் ஆள். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தில்ஷாத்

*

திருவண்ணாமலை
8 மார்ச் 2025

கனகா,

நீ மேடையில் அதிகாரிகளோடு உட்கார்ந்திருந்ததால் உன்னிடம் பேச முடியவில்லை. நன்றாகவே நடத்தினாய். ஜமீலா பீ பேசும்போது நீ தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிரியாணிப் பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டு வந்து, சாயங்காலம் சூடு பண்ணி நோன்பு திறந்தோம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வள்ளியும் எங்களோடு வந்தாள். உன் ஆள் பிரகாஷ் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இது மைனாரிட்டி லேடீஸ் மீட்டிங்மா, உங்களுக்கு வேற நாள்ல வச்சிருக்காங்க" என்றார். நான் சண்டை போட்டேன். வள்ளிதான், "விடுக்கா, நீங்க சொன்னா என்ன, நான் சொன்னா என்ன, தெரு ஒண்ணுதானே" என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். உங்கள் வேறு நாள் கூட்டம் அவள் கூலிக்குப் போகும் நாள்.

கதவு விஷயத்தை மறந்துவிடாதே.

தில்ஷாத்

*

சென்னை
20 ஏப்ரல் 2025

தில்ஷாத்,

வள்ளியைத் திருப்பி அனுப்பியது எனக்கு அன்று தெரியாது. பிரகாஷைக் கண்டித்தேன். அவர் புதியவர். யாராவது உள்ளே வந்து உங்களைப் பேச விடாமல் செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் நான் போட்ட விதியை அப்படியே பிடித்துக்கொண்டார்.

இப்போது நல்ல செய்தி. வரைவு தயார். உங்களுக்குத் தனி அத்தியாயமே கொடுத்துவிட்டேன்! அத்தியாயம் ஏழு, 'இஸ்லாமியப் பெண்களின் குரல்'. கிழக்கு முனைக் கதவுதான் அதில் முதல் கோரிக்கை. பேசியவர்களின் பெயர்களும் இருக்கின்றன, உன் பெயர் முதலில். எங்கள் தலைவர் ராமகிருஷ்ணன் சார், "இந்த ரிப்போர்ட்டுக்கே இதாம்மா உயிர்" என்றார். பதினெட்டு வருடம் இந்த வேலை பார்த்ததில் இப்படி ஒரு பக்கம் எழுதியதில்லை. சந்தோஷப்படு, சும்மா என்னைக் கிண்டல் செய்துகொண்டிருக்காதே.

கனகா

*

திருவண்ணாமலை
16 ஜூன் 2025

கனகா,

முதலில் என் பக்கத்து நல்ல செய்தி. வள்ளி முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றாள். ரத்த அழுத்தம் இருப்பதால் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அவர் சொன்ன தேதி கார்த்திகை தீபத்தை ஒட்டி வருகிறது. தீபத்துக்கு ஊர் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வரைவைப் படித்தேன். சாலையும் போக்குவரத்தும் என்று அத்தியாயம் மூன்று இருக்கிறதே, எங்கள் கதவு ஏன் அதில் இல்லை? கதவு தெருவில் இருக்கிறது, எங்கள் மதத்தில் இல்லை. தைக்கால் தெருவில் பாதி வீடு எங்களுடையது, மீதிப் பாதி வள்ளி மாதிரி ஆட்களுடையது. எங்கள் தலைப்புக்குக் கீழே போட்டால் படிக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? முஸ்லிம் பெண்கள் கிரிவலத் தடுப்பைத் திறக்கச் சொல்கிறார்கள் என்றுதான் தெரியும்.

மூன்றாம் அத்தியாயத்துக்கு மாற்றிவிடு. எங்கள் பெயர்களை எடுத்துவிடு. எங்கள் குரல் இல்லாவிட்டால் பரவாயில்லை, கதவு திறந்தால் போதும்.

தில்ஷாத்

*

சென்னை
5 ஜூலை 2025

தில்ஷாத்,

கேட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

காரணம் சொல்கிறேன், கோபப்படாமல் படி. ஒவ்வொரு அத்தியாயமும் ஒவ்வொரு துறைக்குப் போகும். மூன்றாம் அத்தியாயம் ஏற்கெனவே போய்விட்டது. ஏழிலிருந்து முதல் கோரிக்கையையும் பெயர்களையும் எடுத்தால் அதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று ராமகிருஷ்ணன் சார் கேட்கிறார். முஸ்லிம் பெண்களைக் கலந்து எழுதினோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்கிறார். மூன்றில் 'அத்தியாயம் ஏழையும் காண்க' என்று ஒரு குறிப்புச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ தேவையில்லாமல் பயப்படுகிறாய் என்று தோன்றுகிறது. நானும் சிறுபான்மைதான், மறந்துவிடாதே. பெயரோடு நின்று கேட்டால்தான் மரியாதை. வள்ளிக்கு என் வாழ்த்தைச் சொல். தீபத்துக்கு முன் உத்தரவு வந்துவிடும்.

கனகா

*

திருவண்ணாமலை
12 செப்டம்பர் 2025

கனகா,

நீயும் சிறுபான்மைதான். ஆனால் கனகலதா என்ற பெயரைப் பார்த்து உன்னைத் தனி மண்டபத்தில் உட்கார வைக்க யாருக்கும் தோன்றாது. அந்த வித்தியாசம்தான் எங்கள் தலையில் விடிந்திருக்கிறது.

முதலில் பதில் வந்தது. உன் ஏழாம் அத்தியாயம் சிறுபான்மையினர் நலனைப் பார்க்கும் பிரிவுக்குப் போயிருக்கிறது. தடுப்பும் கதவும் தங்கள் பொறுப்பில் வராது என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? உதவித்தொகை கொடுக்கிற இடத்தில் போய்ச் சாவி கேட்டால் என்ன செய்வார்கள்?

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை யாரோ போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். எங்கள் பெயர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். 'கிரிவலத்தை மறிக்கப் பார்க்கும் பெண்கள்' என்று மேலே ஒரு வரி. ஊரெல்லாம் போய்விட்டது. என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகளில் வெளித்தெருப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் நேரில் வந்து, "உங்க மேல ஒண்ணும் இல்ல டீச்சர், வூட்ல வேணாம்ன்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் அதையும் சொல்லவில்லை.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி பயந்துபோய், அப்படி எதுவும் கேட்கவில்லை என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். ஜமீலா பீகூடப் போட்டுவிட்டாள். "எனக்கு ரெண்டு பேத்திங்க இருக்குது தில்ஷாத், வம்பு வேணாம்" என்றாள். நான் இன்னும் போடவில்லை. வள்ளி தாலுகா ஆபீசுக்குப் போய், "நான்தான் சார் கேக்க சொன்னேன்" என்றிருக்கிறாள். உன் பெயர் அதில் இல்லையேம்மா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீ வா. உன் வாயால் சொல், இது தெருவின் கோரிக்கை, தலைப்பு மட்டும்தான் நான் வைத்தது என்று. உன்னை நம்புவார்கள்.

தில்ஷாத்

*

சென்னை
4 அக்டோபர் 2025

தில்ஷாத்,

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

என்னால் வர முடியாது. நிறுவனத்தில் யாரும் ஊருக்குள் போய்ப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்றுக் கூட்டத்தில், விஷயம் உணர்வுபூர்வமாகிவிட்டது, உங்கள் பாதுகாப்பை நினைத்தாவது அந்தக் கோரிக்கையை நீக்கிவிடலாம் என்று முடிவாகிவிட்டது. நான் எதிர்த்துப் பேசினேன். ஆனால் உரக்கப் பேசவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று நினைத்தேன், வீட்டுக் கடனை நினைத்து உட்கார்ந்துவிட்டேன். அத்தியாயம் ஏழு இருக்கும், கதவு மட்டும் இருக்காது.

வள்ளியைத் தீபத்துக்கு முன்பே கீழ்பென்னாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு. இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்த்துவிடு. தயவுசெய்து.

கனகா

*

திருவண்ணாமலை
9 டிசம்பர் 2025

கனகா,

வள்ளிக்கு அம்மா இல்லை. அண்ணன் வீடுதான். பெரிய ஆஸ்பத்திரியை விட்டுத் தூரம் போகக்கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஐந்தாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். துணிமணியெல்லாம் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

மூன்றாம் தேதி தீபத்தன்று சாயங்காலம் ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. அப்பாதுரை கடையில் இருந்தார், அந்தக் கூட்டத்தில் போன் போகவில்லை. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, கனகா. தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. இடுக்கு வழியாக அதன் விளக்கு சுற்றுவது எங்களுக்குத் தெரிந்தது. கதவுப் பக்கத்தில் வெளிமாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர். சின்ன வயசு, வள்ளியைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "சாவி என்கிட்ட இல்லக்கா. அவசரத்துக்குத் திறக்கலாம்னு எழுத்துல எதாவது இருந்தா காட்டுங்க, நானே உடைச்சுடறேன்" என்றார். வயர்லெஸ் மைக்கில் மேலே இருப்பவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்து வந்துவிட்டார். ஓங்கவும் ஓங்கிவிட்டார். முத்தவல்லி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். "வேணாம்பா. தீபத்தன்னிக்கி நம்ம ஆளுங்க தடுப்ப ஒடச்சாங்கன்னு ஒரு போட்டோ வந்தா தெருவே தாங்காது" என்றார். கடப்பாரையைக் கீழே வை என்று நான்தான் சொன்னேன். முத்தவல்லி சொன்னது தப்பில்லை. வைக்கச் சொன்ன நான் செய்தது தப்பா என்று தெரியவில்லை. உன் ஏழாம் அத்தியாயம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கதவை அன்றைக்கு உடைத்திருப்போம், ஊரே எங்களைப் பாராட்டியிருக்கும்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து மேற்கே தூக்கிக்கொண்டு போனோம். ஜனங்கள் வழி விட்டார்கள். யார் யாரோ நாற்காலிக்குத் தோள் கொடுத்தார்கள், ஒரு அம்மா தன் சேலையை அவிழ்த்துக் கொடுக்கப் போனாள். யாரும் எங்களை யார் என்று கேட்கவில்லை. ஆனால் அத்தனை லட்சம் பேர் நடுவில் வழி விட எங்கே இடம்? பாதி தூரத்தில் மலையில் தீபம் ஏற்றிவிட்டார்கள். எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார்கள். எங்களால் அசையவே முடியவில்லை. வள்ளியும் அந்த நிலையில் கையைக் கூப்பினாள்.

பெண் குழந்தை. இறந்துதான் பிறந்தது. வள்ளி பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

தில்ஷாத்

*

சென்னை
6 ஜனவரி 2026

தில்ஷாத்,

என்ன எழுதுவது? உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அலுவலகக் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். மன்னிப்புக் கேட்டால் நீ சிரிப்பாய்.

ஒன்றே ஒன்று செய்ய முடிந்தது. ஜனவரி 24-ஆம் தேதி தடுப்புகளைப் பற்றி மட்டும் ஒரு விசாரணைக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்ய வைத்துவிட்டேன். குழந்தையை இழந்த தாய் என்று வள்ளி பேசட்டும். கேட்காமல் இருக்க முடியாது. பிரகாஷ் அங்கே இருப்பார், வாசலில் யாரும் அவளை நிறுத்தமாட்டார்கள்.

இதை எழுதக் கை கூசுகிறது. நீ வராதே. உன் பெயரும் வரவேண்டாம். அறிக்கையின் அந்தப் பக்கமும் வாட்ஸ்அப்பும் யாருக்கும் ஞாபகம் வராமல் இருந்தால்தான் கதவு கிடைக்கும். நீயே ஜூனில் கேட்டதுதானே, பெயர் வேண்டாம், கதவு திறந்தால் போதும் என்று. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

கனகா

*

திருவண்ணாமலை
28 ஜனவரி 2026

கனகா,

நீ கேட்டபடி நான் போகவில்லை. வள்ளியை வாசல் வரைக்கும்கூட அனுப்பி வைக்கவில்லை, யாராவது பார்த்துவிட்டால் என்று. முந்தின நாள் என்ன பேசவேண்டும் என்று அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். என் பெயரைச் சொல்லாதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. டியூஷனுக்கு யாரும் வராததால் நேரம் நிறைய இருந்தது.

பிரகாஷ் உன்னிடம் எப்படிச் சொன்னாரோ, வள்ளி என்னிடம் சொன்னதை எழுதுகிறேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களாம். தண்ணீர் கொடுத்தார்களாம். அவள் பேசப் பேச ஒருவர் எழுதிக்கொண்டே வந்தாராம். எல்லாம் முடிந்த பிறகு நடுவில் இருந்த பெரியவர் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார்: "இவ்ளோ கஷ்டம் இருக்குதே, முன்னாடியே ஏம்மா சொல்லல?"

இவளுக்குப் பொறுக்கவில்லை. "சொன்னோமே சார். போன மார்ச்சுலயே சொன்னோமே. என்ன உள்ள விடல, எங்க தில்ஷாத் அக்காதான் எனக்கும் சேத்து எழுந்து சொன்னாங்க. உங்க புஸ்தகத்துலயே போட்டிருந்தீங்களே" என்றிருக்கிறாள்.

பக்கத்தில் இருந்தவர் பெரியவர் காதில் ஏதோ சொன்னாராம். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டாராம். "சரிம்மா, பாக்குறோம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "நீ சொல்லாதன்னுதான் சொன்ன. அவரு முன்னாடியே சொல்லலன்னதும் என் புள்ளைய நானே சாவ விட்ட மாதிரி இருந்துச்சு. பொய் சொல்ல வரலக்கா" என்றாள். அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

இனிமேல் எங்களை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடாதே. உன்மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தபோது இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம், பௌர்ணமியும் கூட. இன்று காலையில் கிழக்கு முனையில் வேலையை முடித்துவிட்டார்கள். போன தடவை நடுவில் ஒரு கதவாவது இருந்தது. இந்தத் தடவை கதவே வைக்கவில்லை, முழுக்கத் தகரம் அடித்துவிட்டார்கள். ஏன் என்று அப்பாதுரை போய்க் கேட்டாராம். கதவு இருப்பதால்தானே பிரச்சினை வருகிறது என்று சொன்னார்களாம்.

தில்ஷாத்